கிளச்சின் பிழையா, கியரின் பிழையா?

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலை மாவனல்லையைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகின்றது. சமதரையில் குறைகூற இடமின்றி ஓடிவந்த மோட்டார் வண்டியின் நோய் முதன்முதலில் வெளிப்படுவது பெரும்பாலும் இத்தகைய ஏற்றத்திலேதான். சாரதி அக்சிலரேற்றரை அழுத்துகின்றார். எஞ்சின் உரத்து முழங்குகின்றது. வண்டியோ ஊர்ந்து செல்கின்றது. சிறிது நேரத்தில் கருகிய நாற்றம் எழுகின்றது. ‘கியர்ப்பெட்டி பழுதாகிவிட்டது’ என்று சாரதி முடிவு கட்டிவிடுகின்றார். அப்பெட்டியைக் கழற்றிப் பிரித்துப் பழுதுபார்ப்பதற்குச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமெல்லாம் கரைந்துவிடலாம். ஆனால் இங்கே கியர்ப்பெட்டியில் குறை எதுவுமில்லை. குறை கிளச்சில் உள்ளது.

நாடி பாராமல் மருந்து கொடுக்கும் வைத்தியரை எவரும் நம்புவதில்லை. மோட்டார் வண்டிக்கும் அந்த நீதி பொருந்தும். கிளச்சின் பிழையையும் கியரின் பிழையையும் பிரித்தறியும் முறை கடினமானதன்று. அதற்கு முதலில் இவ்விரண்டும் செய்யும் தொழிலை அறிதல் வேண்டும்.

எஞ்சினின் பின்புறத்தே பிளைவீல் எனப்படும் கனமான சில்லொன்று ஓயாது சுழன்றுகொண்டிருக்கின்றது. அதற்கு எதிரே, இருபுறமும் உராய்வுப்பொருள் பதித்த வட்டத்தட்டு ஒன்று இருக்கின்றது. வலிய வில்கள் ஓர் அழுத்தத்தகட்டின் மூலம் இந்தத் தட்டைப் பிளைவீலோடு சேர்த்து இறுக்குகின்றன. அப்போது இரண்டும் ஒன்றாகச் சுழன்று, எஞ்சினின் வலு கியர்ப்பெட்டிக்குச் செல்கின்றது. சாரதி மிதியை அழுத்தினால் வில்களின் பிடி தளர்ந்து தட்டு விடுபடுகின்றது. கியர்ப்பெட்டியோ வெவ்வேறு எண்ணிக்கையிற் பற்கள் கொண்ட சில்லுகளின் சேர்க்கை. ஏற்றத்தில் வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டுவதும், சமதரையில் வேகத்தைக் கூட்டுவதும் அதன் பணி.

ஆகவே கிளச்சுக்குரிய கடமைகள் இரண்டே: பிடிக்க வேண்டிய நேரத்தில் முற்றாகப் பிடித்தல், விட வேண்டிய நேரத்தில் முற்றாக விடுதல். பிடியாமல் வழுக்குவது ஒரு நோய். விடாமல் ஒட்டிக்கொள்வது அதற்கு நேரெதிரான மற்றொரு நோய்.

வழுக்கலின் அடையாளம் முன்னரே கூறப்பட்டது: எஞ்சினின் வேகம் ஏறும், வண்டியின் வேகம் ஏறாது. டொப் கியரில், சுமையோடு மேடேறும்போது இது முதலிற் புலப்படும். ஐயமிருப்பின் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்னும் பின்னும் எவரும் இல்லையென்று கண்டுகொண்டு, கைப்பிறேக்கை நன்றாக இழுத்துவிட வேண்டும். எஞ்சினை இயக்கி, மிதியை அழுத்தி, டொப் கியரிலிட்டு, மிதியை மெல்ல விடுதல் வேண்டும். கிளச் நல்ல நிலையிலிருந்தால் எஞ்சின் திணறி நின்றுவிடும். நில்லாமல் ஓடிக்கொண்டேயிருந்தால் கிளச் வழுக்குகின்றது என்பது உறுதி. இச்சோதனையை ஒருமுறை செய்தாற் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் எஞ்சியுள்ள உராய்வுப்பொருளும் கருகிப்போகும்.

வழுக்கலுக்குக் காரணம் உராய்வுப்பொருள் தேய்ந்தமையாக இருக்கலாம். எண்ணெய் கசிந்து தட்டில் படிந்தமையாக இருக்கலாம். வில்கள் தளர்ந்தமையாகவும் இருக்கலாம். இவற்றைத் தேடுமுன் மிதியின் வெற்றசைவைக் கவனித்தல் வேண்டும். மிதியைக் கையினால் அழுத்தும்போது, எதிர்ப்புத் தோன்றுமுன் அது சிறிது தூரம் இலகுவாக இறங்க வேண்டும். தட்டுத் தேயத் தேய, பழைய வகை வண்டிகளில் இந்த வெற்றசைவு குறைந்துகொண்டே வரும். அது முற்றாக இல்லாதொழிந்தால், காலை எடுத்த பின்னரும் கிளச் பாதி அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். அப்போது வேண்டியது புதிய தட்டன்று. ஒரு திருகாணியை உரிய அளவிற்குத் திருப்புவதேயாகலாம்.

இதற்கு நல்ல உதாரணம் மொறிஸ் மைனர். 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமாகிய இச்சிறு கார், இலங்கையின் வீதிகளில் இன்றும் ஓடுகின்றது. அதன் மிதியையும் கிளச்சையும் தொடுப்பவை கோல்களும் நெம்புகளுமே. இக்கோல்களின் ஆணிகள் தேய்ந்தால் மிதியின் அசைவிற் பெரும்பகுதி வீணாகி, கிளச் முற்றாக விடுபடாது போகும். தட்டின் தேய்வு வெற்றசைவைக் குறைக்கின்றது. ஆணிகளின் தேய்வு அதைக் கூட்டுகின்றது. இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் நன்று.

இனி, விடாத கிளச்சின் அடையாளத்தைக் காண்போம். மிதியை அடிவரை அழுத்தியும், நிற்கும் வண்டியில் முதற் கியரோ பின்கியரோ கரகரத்துக்கொண்டே விழும். இதனைச் சோதிக்க, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மிதியை முழுதும் அழுத்திச் சில விநாடிகள் பொறுத்து, பின்கியரை இடுதல் வேண்டும். விடுபட்ட தட்டு இதற்குள் சுழற்சி ஓய்ந்திருக்கும். கியர் ஓசையின்றி விழும். பின்னரும் கரகரப்புக் கேட்டால் கிளச் விடவில்லை என்பதே பொருள். எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியர்களையும் இட்டுப் பார்ப்பது மற்றொரு சோதனை. நிறுத்திய நிலையில் இலகுவாகவும், ஓடும் நிலையிற் கடினமாகவும் இருந்தால் பிழை கிளச்சினுடையது. நிறுத்திய நிலையிலும் கடினமாயிருந்தால் கியர்த்தண்டின் தொடுப்பையோ கியர்ப்பெட்டியின் உட்புறத்தையோ பார்த்தல் வேண்டும்.

திரவத்தினால் இயங்கும் கிளச்சுகளில், குழாயிற் காற்றுப் புகுந்தாலும் திரவம் கசிந்தாலும் இதே நோய் தோன்றும். மிதியை விரைவாகப் பலமுறை அழுத்தியபின் கியர் நன்றாக விழுமாயின் காரணம் அதுவே எனக் கருதலாம். மழைக்காலத்திற் பல வாரங்கள் ஓடாது நின்ற வண்டியில், துருவினால் தட்டுப் பிளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

ஓசையும் ஒரு வழிகாட்டி. கியர் எதுவுமின்றி எஞ்சின் ஓடும்போது கேட்கும் இரைச்சல், மிதியை அழுத்தியவுடன் மறைந்தால் கியர்ப்பெட்டியின் முன்தண்டைத் தாங்கும் பெயாரிங் ஐயத்துக்குரியது. மாறாக, மிதியை அழுத்தும்போது மட்டும் ஓசை பிறந்தால், கிளச்சை விடுவிக்கும் பெயாரிங் தேய்ந்திருக்கின்றது. மொறிஸ் மைனரில் இது காரீயக்கரியினாலான வளையம். மிதியின்மேல் எப்போதும் காலை வைத்தோட்டும் பழக்கம் இதனை விரைவில் தேய்த்துவிடும்.

கிளச்சிற் குறையில்லையென்று தெளிந்த பின்னரே கியர்ப்பெட்டியின்மேல் ஐயங்கொள்ளுதல் முறை. பற்சில்லுகள் சேருமுன் அவற்றின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்குரோமெஷ் அமைப்பை 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கடிலாக் கார்கள் முதலிற் கொண்டுவந்தன. குறித்த ஒரு கியர் மட்டும், அதிலும் கீழ்க்கியருக்கு மாற்றும்போது, கரகரக்குமாயின் அக்கியரின் சமப்படுத்தும் வளையம் தேய்ந்திருக்கின்றது. மொறிஸ் மைனரின் முதற் கியருக்கு இவ்வமைப்பே கிடையாது. ஆகவே ஓடும் வண்டியில் அதனை இடும்போது எழும் கரகரப்பு வண்டியின் நோயன்று, சாரதியின் அவசரம். வண்டியை நிறுத்தி இட்டால் அது மறையும். மசகெண்ணெய் குறைந்தாலும், அளவுக்கு மிஞ்சித் தடித்திருந்தாலும் கியர் மாற்றுவது கடினமாகும். நுவரெலியாவின் குளிர்ந்த காலையில் மட்டும் கியர் இறுகி, வண்டி சூடேறியதும் இளகுமாயின் எண்ணெயை முதலில் நோக்குக.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது, ஓடும்போது கியர் தானாகக் கழன்றுவிடும் நோய். தேய்ந்த பற்களோ, கியரை நிலையில் நிறுத்தும் குண்டும் வில்லுமோ, தளர்ந்த எஞ்சின் தாங்கிகளோ இதற்குக் காரணமாகும். ஏற்றத்தில் இது வெறுந் தொல்லை, இறக்கத்திலோ உயிராபத்து. கண்டியிலிருந்து திரும்பும் வண்டி கடுகண்ணாவையில் இறங்கும்போது, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துவதில் கீழ்க்கியரிலுள்ள எஞ்சினுக்குப் பெரும் பங்குண்டு. கியர் கழன்றால் சுமை முழுவதும் பிறேக்கின்மேல் விழும். நெடுநேரம் அழுத்திய பிறேக் சூடேறித் தன் வலுவை இழக்கும். இதனாலேயே, பெற்றோலை மிச்சப்படுத்த எண்ணி இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு ஓட்டுவதும் பெருந்தவறாகின்றது. கியர்த்தண்டைக் கையாற் பிடித்துக்கொண்டே ஓட்டிச் சமாளிக்கும் சாரதி, அந்த வண்டியை மலைநாட்டுக்குக் கொண்டு செல்லலாகாது.

கராஜுக்குச் செல்பவர் ‘கியர் பிழை’ என்று மட்டும் சொல்லி நிற்பதிற் பயனில்லை. எந்தக் கியரில், ஏற்றத்திலா இறக்கத்திலா, எஞ்சின் ஓடும்போதா நின்றபோதா, மிதியை அழுத்தியபோதா விட்டபோதா என்று வகுத்துச் சொன்னால், மெக்கானிக் தேட வேண்டிய இடம் குறுகிவிடும். மேடையில் நிறுத்த நேர்ந்தால் கிளச்சினால் வண்டியைத் தாங்காது கைப்பிறேக்கை இழுப்பவரும், கியர் மாற்றியதும் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுபவரும் அக்கேள்விகளுக்கு விடை தேட வேண்டிய நாளைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம்.