இழுபடும் பக்கமும் பழுதுற்ற பக்கமும்

மோட்டார் வண்டியின் பிரேக்கைக் கடுமையாக மிதிக்கையில், அது நேர்வழி விலகி ஒரு பக்கமாக இழுபடுவதுண்டு. வாகனங்கள் இடப்புறமாகச் செல்லும் இலங்கை வீதிகளில், வலப்புற இழுவை எதிரே வரும் வாகனத்தின் முன்னும், இடப்புற இழுவை பாதசாரிகள் மீதும் வண்டியைக் கொண்டு சேர்க்கக்கூடும். ஆதலின் இதன் காரணத்தைப் பிழையின்றி அறிதல் உயிர்களோடு தொடர்புடைய விடயமாகும்.

இழுபடும் பக்கமே பழுதுற்றது எனக் கொள்வது வழக்கம். பல வேளைகளில் உண்மை இதற்கு மாறானது. வலுவாகத் தடுக்கப்படும் சில்லின் பக்கமே வண்டி திரும்பும். குறைபாடோ மறுபக்கத்தில் மறைந்திருக்கும். பஸ்காலின் விதிப்படி, மிதியினால் எழும் அமுக்கம் திரவத்தினூடாக இரு முன்சில்லுகளையும் சமமாக அடைதல் வேண்டும். ஒரு பக்கத்து முசலம் துருவேறி இறுகினாலோ, இறப்பர்க் குழாய் உள்ளே வீங்கி அடைபட்டாலோ, உராய்வுப் பட்டையில் எண்ணெய் படிந்தாலோ அச்சமநிலை குலைகின்றது.

பல தடவை பிரேக் பிடித்து ஓட்டியபின், சில்லுகளைத் தொடாது, கையை அருகே கொண்டுசென்று வெப்பத்தை ஒப்பிடுக. குளிர்ந்திருக்கும் சில்லே தன் பங்கைச் செய்யாதது. மிதியை விட்ட பின்னரும் இழுவை தொடருமாயின், சூடேறிய சில்லிலேயே பிரேக் விடுபடாது பற்றியுள்ளது எனலாம். வெப்பம் சமமாயின், ரயர்க் காற்றையும், கடுமையாகப் பிரேக் பிடிக்கையில் சில்லை இடம்பெயரவிடும் தேய்ந்த இறப்பர்ப் புஷ்களையும் ஆராய்தல் வேண்டும்.

உராய்வுப் பட்டைகளை இரு பக்கமும் ஒருசேர மாற்றுதல் அவசியம். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுவது பழைய ஏற்றத்தாழ்வின் இடத்திற் புதியதொன்றை அமர்த்துவதேயாகும்.