கருவியும் கரமும்: பாடசாலைச் சித்திர வகுப்பறையும் எண்ணிமத் தொழில்நுட்பமும்

சித்திர பாடம் எமது பாடசாலைகளில் எப்பொழுதும் ஓரத்திலேயே இருந்து வந்துள்ளது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கிடைக்கும் மதிப்பு அதற்குக் கிடைப்பதில்லை. பரீட்சை நெருங்கும்போது முதலிற் பறிபோவதும் அதன் பாடவேளையே. இவ்வாறு ஓரங்கட்டப்பட்ட பாடத்தினுள் இன்று கணினியும் திறன்பேசியும் நுழைந்துள்ளன. இவ்வருகை பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. கருவி வந்துவிட்டால் கலைக்கல்வி தானாகவே நவீனமாகிவிடும் என்பது ஒன்று. கருவி வந்தாற் கைத்திறனும் கற்பனையும் அழிந்துவிடும் என்பது மற்றையது. ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றினும் இரண்டும் ஒரே தவற்றின் பாற்பட்டவை. கருவியைச் சமூக உறவுகளினின்றும் பிரித்தெடுத்து, அதற்குத் தன்னிச்சையானதோர் ஆற்றலை அவை வழங்கிவிடுகின்றன.

வகுப்பறையிலே மாணவர் படிமங்களை ஆக்குபவராக இருக்கின்றாரா அல்லது பிறர் ஆக்கியவற்றை நுகர்பவராக மாற்றப்படுகின்றாரா? அவர் பயன்படுத்தும் கருவி எவரது உடைமை? இவ்விரு வினாக்களையும் முன்னிறுத்தியே எண்ணிமத் தொழில்நுட்பத்தின் பயனையும் கேட்டையும் மதிப்பிடல் வேண்டும் என்பது எமது கருத்து. அதனை விளக்குமுகமாகச் சில செய்திகளை இங்கு தொகுத்து நோக்குவோம்.

1

தொழில்நுட்பத்துக்கு முற்பட்ட சித்திர வகுப்பறை என ஒன்று இருந்ததில்லை. மிக எளிய கருவியாகிய பென்சிலையே எடுத்துக்கொள்ளலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் பிரான்சு பிரித்தானியாவுடன் போரில் ஈடுபட்டிருந்தபோது ஆங்கில நாட்டுப் பென்சிற்கரி அங்கு கிடைக்காது போயிற்று. அத்தட்டுப்பாட்டின் விளைவாகவே பென்சிற்கரித் தூளைக் களிமண்ணுடன் கலந்து சூளையிற் சுட்டுப் பென்சிலாக்கும் முறையை நிக்கொலா ஷாக் கொந்தே 1795இல் வகுத்தார். களிமண்ணின் அளவைக் கூட்டியும் குறைத்தும் வன்மையான கோட்டையும் மென்மையான கோட்டையும் தரும் பென்சில்களைச் செய்ய முடிந்தது. இன்று மாணவர் கேட்டு வாங்கும் எச்.பி., 2பி, 6பி ஆகிய வேறுபாடுகளுக்கு அடிப்படை இதுவே.

பென்சிற்கரி எமக்குப் புதிய பொருளன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அது இலங்கையிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. அதன் பெரும்பகுதி உலோகம் உருக்கும் மூசைகளைச் செய்வதற்கு மேலைநாட்டு ஆலைகளுக்குச் சென்றது. போகல, கஹட்டகஹ ஆகிய சுரங்கங்களில் அது இன்றும் அகழப்படுகின்றது. திறன்பேசியின் மின்கலத்திலும் அதே கரிமமே ஒரு முனையாக அமைகின்றது. பென்சில் தூய்மையான கலைக்கருவி, திறன்பேசி அந்நிய இயந்திரம் என்ற பாகுபாடு பொருளியல் வரலாற்றின் முன் நிலைக்காது.

ஏனைய கருவிகளும் இத்தகையனவே. 1839இற் புகைப்படமுறை வெளியிடப்பட்டபோது உருவப்பட ஓவியர் பலரின் பிழைப்புக்கு இடர் நேர்ந்தது. ஆயினும் ஓவியக்கலை அழியவில்லை. உருவத்தை அச்சொட்டாகப் பதியும் கடமையினின்றும் விடுபட்டு, ஒளியையும் வடிவத்தையும் புதிதாக ஆராயத் தொடங்கிற்று. 1841இல் ஜோன் ராண்ட் உரிமம் பெற்ற உலோக வண்ணக்குழாய், ஓவியர் தம் அறையை விட்டு வெளியே சென்று வண்ணந்தீட்டுவதை எளிதாக்கிற்று. இயந்திர முறையாற் படிமங்கள் பெருகும்போது கலையின் சமூகப் பணியே மாறுகின்றது என 1936இல் வெளியான தமது கட்டுரையில் வால்ற்றர் பெஞ்சமின் விளக்கினார்.

பாடசாலையிற் சித்திரம் இடம்பெற்றமைக்கும் கைத்தொழிலின் தேவையே முதன்மையான தூண்டுகோலாய் இருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலம் 1870இற் சட்டமியற்றிச் சித்திரத்தைப் பொதுப் பாடசாலைகளிற் கட்டாய பாடமாக்கிற்று. பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்கள், பதினைந்து வயதைக் கடந்தோருக்குக் கைத்தொழிற் சித்திரத்தை இலவசமாகக் கற்பிக்க வேண்டும் எனவும் அது விதித்தது. ஆலைகளுக்கு வரைபடம் தெரிந்த தொழிலாளர் தேவைப்பட்டனர் என்பதே இதன் பின்னணி. இதற்கு மாறாக, வியன்னாவில் 1897இல் பிரான்ஸ் சிஷெக் தொடங்கிய சிறுவர் சித்திர வகுப்பு, பிள்ளையின் சொந்த வெளிப்பாட்டுக்கு முதன்மை அளித்தது. சந்தைக்குரிய திறனா, மனித ஆளுமையின் விரிவா என்ற இம்முரண்பாடு சித்திரக் கல்வியுடன் கூடவே பிறந்தது; கணினியின் வருகையுடன் அது புதிய உருவில் தோன்றுகின்றது.

2

எண்ணிமப் படிமத்தின் இயல்பினை ஆசிரியர் அறிந்திருத்தல் அவசியம். திரையிற் காணும் படம் சிறு சதுரப் புள்ளிகளாலானது. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் அளவுகளைக் குறிக்கும் எண்களாகச் சேமிக்கப்படுகின்றது. ஒவ்வோர் ஒளிக்கும் வழமையாக 256 படிகள் உண்டு. எனவே ஒரு புள்ளி ஏற்கக்கூடிய நிறங்களின் தொகை ஒரு கோடியே 67 இலட்சத்துக்கும் மேற்பட்டதாகும்.

இதனால் நிறக்கொள்கை பற்றிய பாடமே விரிவடைகின்றது. வண்ணப்பசையிற் சிவப்பையும் பச்சையையும் கலந்தால் மங்கிய மண்ணிறம் தோன்றும். திரையிற் சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள் தோன்றும். பசை ஒளியை உறிஞ்சிக் கழிக்கின்றது. திரை ஒளியுடன் ஒளியைக் கூட்டுகின்றது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துச் செய்து பார்க்கும் மாணவர், நிறம் என்பது பொருளும் ஒளியும் கண்ணும் சேர்ந்த உறவிலே தோன்றுவது என்பதை நேரிற் கண்டுகொள்வர். திரையில் ஒளிர்ந்த படம் அச்சிலே மங்குவதன் காரணமும் அப்பொழுது விளங்கும்.

புள்ளிகளாலன்றிக் கோடுகளையும் வளைவுகளையும் கணிதமுறையிற் குறித்துவைக்கும் படவகையும் உண்டு. இதனை எவ்வளவு பெருப்பித்தாலும் விளிம்பு சிதைவதில்லை. கோலம் போன்ற சமச்சீர் வடிவங்களைக் கற்பதற்கு இது பெரிதும் உதவும். முதலில் மாணவர் தாளிலோ தரையிலோ புள்ளியிட்டுக் கையாற் கோலமிடல் வேண்டும். பின்னர் அதன் காற்பகுதியைக் கணினியில் வரைந்து, படியெடுத்துச் சுழற்றி முழுமையாக்கலாம். வீட்டு முற்றத்திற் பெண்கள் தலைமுறைகளாகப் பேணிவந்த அறிவில் வடிவகணிதம் அடங்கியிருப்பதை இப்பயிற்சி வெளிக்கொணரும். கைப்பழக்கம் முதலில் வராதவிடத்து மாணவர் பொத்தானையே கற்பர், கோலத்தைக் கற்கமாட்டார்.

செய்ததை மீட்டழிக்கும் வசதி எண்ணிமக் கருவியின் தனிப்பண்பாகும். துணிந்து முயல்வதற்கு அது இடமளிக்கின்றது. அதேவேளை தவற்றின் தடயத்தையும் அழித்துவிடுகின்றது. சிந்தனை வளர்ந்த வழியைக் காட்டுவன அத்தடயங்களே. சீகிரியா ஓவியங்களில், முதலில் இட்ட கோட்டினைப் பின்னர் திருத்திய அடையாளங்கள் இன்றும் தெரிகின்றன. ஐந்தாம் நூற்றாண்டு ஓவியனின் தயக்கத்தையும் முடிவையும் அவை எமக்குக் காட்டுகின்றன. ஆகவே கணினியில் வரையும் மாணவர் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே சேமித்து, இறுதியில் அவற்றை வரிசைப்படுத்தி விளக்கவேண்டும் என ஆசிரியர் கோருதல் நன்று.

3

வசதி குறைந்த வகுப்பறையில் இவை சாத்தியமாகுமா என்ற வினா நியாயமானதே. நாற்பது மாணவருக்கு ஆசிரியரின் திறன்பேசி ஒன்றே இருக்கும் நிலையிலும் செய்யத்தக்கவை உள்ளன.

முதலாவது, பார்த்தலுக்குப் பயிற்சி அளித்தல். பாடநூலில் உள்ளங்கையளவாக அச்சிடப்பட்ட ஓவியத்தைத் திரையிற் பெருப்பித்துத் தூரிகையின் போக்கினைக் காட்டலாம். ஆனால் திரை எல்லா ஓவியங்களையும் ஒரே அளவினவாக்கிவிடுகின்றது. அதனால் மூலத்தின் உண்மையான நீள அகலத்தைக் கரும்பலகையிலோ சுவரிலோ கோடிட்டுக் காட்டுதல் தவிர்க்கவொண்ணாதது.

இரண்டாவது, கூட்டுப் படைப்பு. களிமண் உருவங்களைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் படம்பிடித்துத் தொடராக ஓட்டினால் அசையும் படம் கிடைக்கும். விநாடிக்குப் பன்னிரண்டு படங்கள் எனக் கொண்டாற் பத்து விநாடிகளுக்கு 120 படங்கள் போதுமானவை. கதையமைப்போர், உருவஞ்செய்வோர், பின்னணி தீட்டுவோர், நகர்த்துவோர், படம்பிடிப்போர் என வகுப்பு முழுவதும் இதிற் பங்குகொள்ளலாம். கருவி ஒன்றாக இருப்பதே இங்கு கூட்டுழைப்புக்கு வாய்ப்பாகின்றது. வேலைகளை முறைவைத்து மாற்றிவிடின், சிந்திப்போர் சிலர், செய்வோர் பலர் என்ற பிரிவும் தலைதூக்காது.

மூன்றாவது, ஆவணமாக்கல். ஊரிலுள்ள தேர்ச்சிற்பங்கள், கோயிற் சீலை ஓவியங்கள், பழைய வீடுகளின் மரவேலைப்பாடுகள், குயவரதும் பாய் இழைப்போரதும் தொழில்முறைகள் ஆகியவற்றை மாணவர் படம்பிடித்து, செய்தவர் பெயர், பொருள், அளவு, இடம் என்பவற்றுடன் பதிவு செய்யலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதையும், 2005இல் நூலகம் எண்ணிம நூலகம் தொடங்கப்பட்டதையும் அறிந்த சமூகத்துக்குப் பதிவின் பெறுமதியை எடுத்துரைக்க வேண்டியதில்லை. கைவினைஞரைப் பெயரற்றவராக்கி வந்த கலைவரலாற்றுக்கு மாணவர் எழுதும் சிறு திருத்தமாகவும் இது அமையும்.

யாழ்ப்பாணத்திலே 1938இற் சித்திர வித்தியாதரிசி எஸ். ஆர். கனகசபை வின்ஸர் கழகத்தை நிறுவினார். சித்திரக் கல்வி மேலதிகாரிகளின் சுற்றுநிருபங்களால் மாத்திரம் வளர்வதில்லை என்பதற்கு அக்கழகம் ஒரு சான்று. புதிய கருவிகளைப் பொறுத்தவரையும் ஆசிரியர் தாமே கூடிக் கற்கும் அத்தகைய அமைப்புகள் தேவைப்படுகின்றன.

4

இனி உடைமை பற்றிய வினாவுக்கு வருவோம். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டு, கல்வி இணையத்துக்கு மாற்றப்பட்டபோது, இலவசக் கல்வி பெற்ற சமூகத்தின் உள்முரண்பாடு வெட்டவெளிச்சமாயிற்று. அலைவரிசை தேடி மரங்களிலும் மலைகளிலும் ஏறிய மாணவரைப் பற்றிய செய்திகள் வெளிவந்தன. ஒரு கருவியைப் பல பிள்ளைகள் பகிர்ந்த வீடுகளில் எந்தப் பிள்ளையின் பாடம் முதலிற் கைவிடப்பட்டிருக்கும், அதிலும் எந்தப் பாடம் என்பதை ஊகித்தல் கடினமன்று. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிலவிற்று. அதே ஆண்டிற் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. திரையும் தாளும் ஒருங்கே இறக்குமதியை நம்பியிருப்பவை என்பதை அவ்வாண்டு எமக்குக் கற்பித்தது.

மென்பொருளின் நிலையும் கருதத்தக்கது. 1990இல் வெளிவந்த போட்டோஷொப்பை ஒருமுறை விலைகொடுத்து வாங்கிப் பயன்படுத்தும் முறை இருந்தது. 2013இல் அடோபி நிறுவனம் தனது புதிய வெளியீடுகளைச் சந்தா முறைக்கு மாற்றியது. கருவி உழைப்பவரின் கையைவிட்டு வாடகைப் பொருளாகிவிட்டது. வாடகை நின்றாற் கருவியும் நின்றுவிடும். இத்தகைய மென்பொருளிலே பாடசாலை பயிற்றுவிக்குமாயின், அது எதிர்கால வாடிக்கையாளரை இலவசமாகத் தயாரித்துக் கொடுக்கின்றது எனலாம். இதற்கு மாற்று உண்டு. 1996இல் வெளிவந்த கிம்ப், 2003இல் தோன்றிய இங்க்ஸ்கேப், ஓவியருக்கென உருவான கிருதா ஆகியவை கட்டற்ற மென்பொருள்கள். எவரும் இவற்றை விலையின்றிப் பெறலாம். பழைய கணினிகளிலும் பயன்படுத்தலாம். மூலநிரலைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் செய்யலாம். கூட்டுழைப்பாற் கட்டியெழுப்பப்பட்ட இக்கருவிகளே பொதுக்கல்விக்கு ஏற்றவை.

5

2022இன் பின்னர் பரவலான தானியங்கிப் படவாக்கம் இவ்விவாதத்தைக் கூர்மையாக்கியுள்ளது. சில சொற்களைத் தட்டச்சு செய்தால் இயந்திரம் படமொன்றைத் தருகின்றது. இது மாயமன்று. அவ்வாண்டில் வெளிவந்த ஸ்டேபிள் டிப்யூஷன், ஏறத்தாழ 585 கோடி படங்களையும் அவற்றுக்குரிய சொற்களையும் இணையத்திலிருந்து சுட்டித் திரட்டிய தொகுப்பொன்றின் பகுதிகளைக் கொண்டு பயிற்றப்பட்டது. அப்படங்களைத் தீட்டியோரிடமும் எடுத்தோரிடமும் இசைவு கேட்கப்படவில்லை, ஊதியமும் வழங்கப்படவில்லை. எண்ணற்ற மனிதரின் கடந்தகால உழைப்பே இயந்திரத்தின் ஆற்றலாக வேடமிட்டு நிற்கின்றது.

கருத்தாக்கத்தைச் செயலினின்றும் பிரித்துத் தொழிலாளரின் திறனைப் பறிப்பது முதலாளித்துவ உற்பத்தியின் போக்கு என ஹரி பிரேவர்மன் 1974இல் விளக்கினார். படவாக்க இயந்திரத்தைப் பயன்படுத்தும் மாணவரிடம் கருத்து எஞ்சியிருக்கின்றது, கைவேலை மாத்திரமே நீங்குகின்றது எனச் சிலர் வாதிடுவர். ஆனாற் சித்திரத்திற் கருத்து வேறு, கைவேலை வேறு அல்ல. நெடுந்தீவின் கல்வேலியை வரையும் பிள்ளை, ஒரு கல்லின் மேல் மற்றைய கல் எவ்வாறு தங்குகின்றது என்பதை வரையும்போதே அறிகின்றது. மலையகத்தில் தான் வாழும் லயத்தை வரையும் பிள்ளை, எதை முன்னிறுத்துவது, எதை விடுவது எனத் தீர்மானிக்கையிற் தனது வாழ்நிலை பற்றிய பார்வையொன்றைப் பெறுகின்றது. திரட்டப்பட்ட படங்களின் பொதுச்சாயலைத் தரும் இயந்திரத்தில், அரிதாகவே படமாக்கப்பட்ட இவ்வாழ்க்கைகளுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை.

எனினும் இக்கருவிக்கு வகுப்பறைக் கதவை அடைப்பதால் மட்டும் பயனில்லை. மாணவர் அதனை வெளியிற் சந்திக்கவே செய்வர். தாம் வரைந்த ஊர்ச் சித்திரத்தையும் இயந்திரம் தரும் கிராமப் படத்தையும் அருகருகே வைத்து, எவை விடுபட்டன, எவை எங்கிருந்து வந்தன, இது எவருடைய கிராமம் என ஆராயச் செய்யலாம். படிமங்கள் எவ்வாறு, எவருக்காக ஆக்கப்படுகின்றன என வினவும் பிரக்ஞை அப்பயிற்சியிலே பிறக்கும்.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. சித்திரத்துக்குரிய பாடவேளை பறிக்கப்படாதிருத்தல் வேண்டும். தாளும் வண்ணமும் இல்லாத பாடசாலைக்குத் திரை மாற்றீடாகாது. முதலில் அவை வழங்கப்படல் வேண்டும். கருவிகள் பாடசாலையின் பொதுவுடைமையாகவும் மென்பொருள்கள் கட்டற்றனவாகவும் இருத்தல் வேண்டும். கை பழகிய பின்னரே பொத்தான் வருதல் வேண்டும். இவை நிறைவேறாதவிடத்து, வசதி படைத்த பிள்ளை கருவியை ஆளவும், வறிய பிள்ளை கருவி தருவதைப் பார்த்திருக்கவும் நேரும். அந்நிலையிற் சித்திர வகுப்பறை சமூகத்தின் வர்க்கப் பிரிவினையைப் படியெடுக்கும் இன்னுமோர் இடமாகிவிடும். அதனைத் தடுக்கும் பொறுப்பு சித்திர ஆசிரியர் ஒருவரை மாத்திரம் சார்ந்ததன்று. பொதுக்கல்வியிற் பற்றுடைய அனைவரும் அதில் அக்கறை கொள்ளுதல் வேண்டும்.