குழந்தையின் செவியில் நோய்க்காலச் சொற்கள்

கோவிட் தொற்றைத் தடுக்க 2020 மார்ச் 25 முதல் இந்தியா முழுவதும் நடைமுறைக்கு வந்த முடக்கம் முதலில் 21 நாள்களுக்கே அறிவிக்கப்பட்டது. ஆயினும் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1இல்தான் மீண்டும் தொடங்கின. பள்ளியும் விளையாட்டும் உறவினர் வருகையும் நின்றுபோனமைக்குக் குழந்தைகளிடம் காரணமாகக் கூறப்பட்டவை சில புதிய சொற்களே. அவை பெரியோரை நோக்கி ஆக்கப்பட்டவை. கலைச்சொல்லைப் பெரியோர் அதன் வரையறையால் அறிவர். வரையறை அறியாத குழந்தையோ சொல்லின் உறுப்புகளைக் கொண்டே பொருள்கொள்ள முயலும். இடர்ப்பாடு இங்குத் தோன்றுகிறது.

'ஊரடங்கு' என்பதில் உள்ள 'அடங்கு', குறும்பு செய்யும் பிள்ளையிடம் வீட்டில் வழங்கும் ஏவற்சொல்லும் ஆகும். ஆகவே, நோய்த்தடுப்பு ஏற்பாடு கண்டிப்பாக ஒலிக்க இடமுண்டு.

'தனிமைப்படுத்தல்' மேலும் சிக்கலானது. நோயுற்றவரைப் பிரித்து வைத்தலும், தொற்றுக்கு ஆளாகியிருக்கக் கூடியவரைக் குறித்த நாள்வரை கண்காணித்தலும் மருத்துவத்தில் வெவ்வேறானவை. தமிழில் இரண்டிற்கும் இச்சொல்லே பெரிதும் வழங்கிற்று. வெளியூரிலிருந்து திரும்பிய தந்தை 14 நாள் தனியறையில் இருந்தால், அவர் நோயாளியா அல்லரா என்பதை இச்சொல் உணர்த்துவதில்லை. 'தனிமை' துயரத்தையும், 'படுத்து' என்னும் துணைவினை பிறர் செயலுக்கு உட்படுதலையும் சுட்டுவதால், தண்டனை என்னும் பொருளும் உடன்தோன்றலாம்.

'சமூக இடைவெளி' என்பதில் இடர் வேறு வகையினது. அன்றாட வழக்கில் 'சமூகம்' சாதியையும் குறிக்கும். இக்குறை நோக்கித் 'தனிநபர் இடைவெளி' என்னும் தொடரும் வழங்கலாயிற்று. எனினும் 'தனிநபர்' குழந்தையின் சொல்லன்று. இந்தியில் பரப்பப்பட்ட முழக்கம் 'இரண்டு கஜ இடைவெளி' என்னும் பொருளது. அதில் சமூகமும் இல்லை, தனிநபரும் இல்லை. அளவு மட்டுமே உண்டு. அளந்து காட்டக்கூடிய சொல்லைக் குழந்தை எளிதில் பற்றிக்கொள்ளும்.

ஐக்கிய நாடுகள் சார்ந்த நிறுவனங்களும் பிறவும் இணைந்த குழுவொன்று 2020இல் கோவிட் பற்றிய சிறார் கதைநூலொன்றை வெளியிட்டது. 1,700க்கும் மேற்பட்ட சிறார், பெற்றோர், ஆசிரியர் முதலியோரின் அனுபவங்களைக் கேட்டறிந்து எழுதப்பட்ட அந்நூல், நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டது. எழுதுமுன் குழந்தையைக் கேட்ட அம்முறை கலைச்சொல்லாக்கத்திற்கும் பொருந்தும். நெருக்கடியில் அறிவிப்புகளை மொழிபெயர்ப்போர், ஆக்கிய சொல்லைக் குழந்தையிடம் கூறி, அது என்ன பொருள் கொள்கிறது எனக் கேட்டறிதல் இன்றியமையாதது. பொருள் பிறழ்ந்த சொல் குழந்தைக்கு அறிவைத் தாராது, அச்சத்தையே தரும்.