வீட்டுப் பட்டறை – 17: இரண்டாவது காருக்குத் திறக்காத கேட்

“முதல்ல வர்ற காருக்கு நல்லாத்தான் திறக்குது தம்பி. பின்னாலயே மகன் வந்தா, பாதியில நின்னுக்குது.” தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு தாமானில் குடியிருக்கும் அக்கா ஒருவர் இப்படிச் சொன்னார். அவர் வீட்டு ஆட்டோகேட்டின் போர்டு போய்விட்டதென்றும் புதிதாக மாற்ற வேண்டும் என்றும் ஏற்கெனவே ஒருவர் பார்த்துச் சொல்லியிருந்தார். சில நூறு ரிங்கிட் செலவாகும் வேலை. அக்கா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை யாராவது நின்று கேட்டிருந்தால், போர்டின் மேல் சந்தேகமே வந்திருக்காது.

இரு கதவுகளாகத் திறக்கும் நம் ஊர் கேட்டுகளில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட் மோட்டார். வீட்டு மின்சாரம் நேராக அதை ஓட்டுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பல வீடுகளில் அப்படி இல்லை. சுவரில் மாட்டிய பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சிறியது. அது பேட்டரிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் கொடுக்கும். இரும்புக் கதவை அசைக்கத் தேவையான பலம் மொத்தமும் பேட்டரியிலிருந்துதான் வரவேண்டும். பேட்டரி கிழடாகிவிட்டால் முதல் தடவைக்கு மட்டும் தாக்குப்பிடிக்கும். அடுத்த தடவை மோட்டார் இழுக்கும்போது வோல்ட் சரிந்து போர்டு மயங்கி, கதவு நின்றுவிடும். மோட்டார் நின்றதும் வோல்ட் மேலே ஏறும், போர்டும் விழித்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குப் போர்டு பைத்தியக்காரத்தனம் செய்வதுபோல் தெரியும்.

மீட்டர் இருந்தால் வேலை சுலபம். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்குக் குறையாது. கதவு நகரும்போது அது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியை மாற்றுங்கள். மீட்டர் இல்லாதவர்கள் போர்டில் எரியும் சின்ன விளக்கைக் கவனிக்கலாம். மோட்டார் கிளம்பும்போது விளக்கு மங்கினாலோ அணைந்தாலோ அதே நோய்தான். இந்த ரக ஈயப் பேட்டரிகளுக்கு வெயில் எமன். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மேற்குப் பார்த்த சுவரில் மாட்டிய பெட்டியில் அது இரண்டு மூன்று வருடம் உழைத்தாலே பெரிது.

அதனால்தான் கேட் எப்போது மறுக்கிறது என்ற கேள்வியை நான் முதலில் கேட்கிறேன். விட்டு விட்டு வரும் கோளாறுக்குக் காரணம் அது வரும் நேரத்தில்தான் இருக்கிறது.

மழைக்கு மறுநாள் மறுக்கிறதா? கிழக்கே தித்திவாங்சா மலை கறுத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் மழை கொட்டாத வாரம் நமக்கு அரிது. சிமெண்டுக்கு அடியில் போகும் ஒயரில் டேப் சுற்றிய இணைப்பு இருந்தால், அங்கே ஈரம் புகுந்து ஒயர் பச்சை பிடிக்கும். காய்ந்ததும் கேட் தானே சரியாகி, மெக்கானிக் வரும்போது சமர்த்தாக நிற்கும். பெட்டியைத் திறந்தால் எறும்புக் கூட்டமும் கருகிய பல்லியும் கிடைப்பது இங்கே சாதாரணம். ஒயர் நுழையும் ஓட்டையை சிலிக்கோன் வைத்து அடைத்தாலே அந்தத் தொல்லை பாதி குறையும்.

சூடான மதியத்தில் நாலைந்து தடவை ஓடியபின் நின்று, அரை மணி கழித்துத் தானே ஓடுகிறதா? வீட்டு மின்சாரத்தில் நேராக ஓடும் தள்ளு கேட் மோட்டாராக இருந்தால், உள்ளே இருக்கும் சூட்டுக் காவல் வேலை செய்கிறது. மோட்டார் அதிகம் சிரமப்படுகிறது என்று அர்த்தம்.

ஏன் சிரமப்படுகிறது என்று பார்க்க ஒரு சாவி போதும். மோட்டாரின் விடுப்புச் சாவியைத் திருப்பி, கதவைக் கையால் தள்ளிப் பாருங்கள். கைக்கு இலேசாக வராத கதவு மோட்டாருக்கும் வராது. கீல் தொங்கியிருக்கும், சக்கரத்தின் பேரிங் துருப்பிடித்திருக்கும், தண்டவாளத்தில் மழை அடித்து வந்த மணல் கிடக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு போர்டில் உள்ள பலத் திருகைக் கூட்டிவைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு குழந்தை நடுவில் மாட்டினால் கதவு நிற்க வேண்டும் என்பதற்காக வைத்த அளவு அது. பீம் சென்சார் அடிக்கடி தடுக்கிறதென்று அதன் முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவதும் அதே பாவம்தான். கண்ணாடியில் படிந்த சிலந்தி வலையைத் துடைத்தாலே பல சென்சார்கள் திரும்ப வேலை செய்யும். அமெரிக்காவில் காரேஜ் கதவுகளுக்கு அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்தபிறகுதான், 1993 ஜனவரி 1 முதல் செய்யப்படும் வீட்டுக் கதவு மோட்டார்களுக்கு இத்தகைய கூடுதல் பாதுகாப்பு கட்டாயமானது. நம் தெரு வீடுகளில் பீம் இல்லாத கேட்டுகள் இன்னும் நிறைய. பிள்ளைகள் ஓடி விளையாடும் வாசல் அது.

சில கேட்டுகள் கிட்டே போனால்தான் திறக்கும். ரிமோட்டில் உள்ள 12 வோல்ட் பேட்டரி தளர்ந்திருக்கலாம். விளக்கு எரிவதை நம்ப வேண்டாம். இன்னொன்றை யாரும் பார்ப்பதில்லை. போர்டிலிருந்து நீளும் ஏரியல் ஒயர். 330 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டுக்கு அது சுமார் 23 சென்டிமீட்டர், 433 என்றால் 17 சென்டிமீட்டர் நீட்டி நிற்க வேண்டும். அழகுக்காகச் சுருட்டிப் பெட்டிக்குள் திணித்தால் தூரம் போச்சு.

யாரும் தொடாமலே கேட் திறந்து கிடந்தால் அக்கம்பக்கத்து ரிமோட்டைச் சந்தேகிக்கலாம். மூன்று நிலை கொண்ட எட்டு சுவிட்ச் உள்ள பழைய ரிமோட்டில் 6,561 சேர்க்கை உண்டு. ஆனால் வாங்கியபடியே எல்லாவற்றையும் ஒரே பக்கம் விட்டுவைத்தவர் இரண்டு பேர் ஒரே தெருவில் இருந்தால் போதும்.

வெளி அலைகளும் கெடுக்கும். 2004-இல் ஃபுளோரிடாவின் எக்ளின் விமானப்படைத் தளத்தில் புதிய ரேடியோக்களைச் சோதித்தபோது சுற்றுவட்டாரத்தில் பலருடைய காரேஜ் ரிமோட்டுகள் வேலை செய்யவில்லை. 2019-இல் ஒஹாயோ மாநிலத்தின் நார்த் ஓல்ம்ஸ்டட் நகரில் கார்ச் சாவிகளும் காரேஜ் ரிமோட்டுகளும் சேர்ந்து படுத்தன. தேடிப் பார்த்தபோது, மாடியில் ஆள் இருக்கிறாரா என்று அறிய ஒருவர் வீட்டிலேயே செய்துவைத்த கருவி இடைவிடாமல் அலை அனுப்பிக்கொண்டிருந்தது. உங்கள் தெருவில் பல வீட்டு ரிமோட்டும் ஒரே சமயத்தில் மறுத்தால், போர்டை மாற்றும் முன் யார் வீட்டில் புது ஒயர்லெஸ் மணி மாட்டினார்கள் என்று விசாரியுங்கள்.

இடி விழுந்த இரவுக்குப் பிறகு தொடங்கிய கோளாறுக்கு மட்டும் நான் போர்டை முதலில் சந்தேகிப்பேன். கேட்டுக்குப் போகும் நீண்ட ஒயர், பக்கத்தில் எங்கோ விழுந்த மின்னலின் உந்தலையும் பிடித்துக்கொண்டு வந்துவிடும். பெட்டியின் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பதிவு பெற்ற வயர்மேனிடம் காட்டுங்கள். 230 வோல்ட் வரும் பக்கத்தில் நீங்கள் கைவைக்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பும் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

கடைசியாக அந்த விடுப்புச் சாவி. மின்சாரம் போய், பேட்டரியும் செத்த நேரத்தில் தெரு வீட்டின் முன்பக்கத்தில் வெளியேற வேறு வழி கிடையாது. பல வீடுகளில் அந்தச் சாவி, ஆட்டோகேட் போட்ட நாளில் கொடுத்த பிளாஸ்டிக் பையிலேயே எங்கோ கிடக்கிறது. அதைத் தேடி எடுத்து, வாசல் கதவுக்கு உட்பக்கம் எல்லார் கைக்கும் எட்டும் ஆணியில் மாட்டுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவரையே ஒரு தடவை திருப்பித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இறுகிப்போயிருந்தால் எண்ணெய் விடுங்கள்.

அடுத்த வாரம்: தண்ணீர்த் தொட்டி மோட்டார்.