சந்தனத்தின் வேரும் குயிலின் கூடும்

வாசனை என்றால் சந்தனம், குரல் என்றால் குயில். இரண்டையும் நாம் அவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறோம். இரண்டுமே அடுத்தவர் உழைப்பில் வளர்பவை என்று தெரிந்த பிறகு எனக்கு அவற்றின்மேல் பிரியம் கூடிவிட்டது.

குயிலின் கதை ஊரறிந்தது. அது கூடு கட்டாது. காகத்தின் கூட்டில் முட்டையிடும். ஆண் குயில் கூட்டருகே போய்க் காகத்தைச் சீண்டும். காகம் அதைத் துரத்திக்கொண்டு போகிற நேரத்தில் பெண் குயில் உள்ளே நுழைந்து காரியத்தை முடித்துவிடும். முட்டை கொஞ்சம் சிறியது. ஆனால் நிறமும் புள்ளிகளும் காக முட்டையை ஒத்திருக்கும். குயில் குஞ்சு இரண்டு மூன்று நாள் முந்திப் பொரிந்துவிடும். முதல் இரையும் அதற்குத்தான்.

சந்தனத்தின் காரியம் மண்ணுக்கடியில் நடப்பதால் யார் கண்ணிலும் எளிதில் படுவதில்லை. அது வேர் ஒட்டுண்ணி என்பதை 1871இல் ஜான் ஸ்காட் என்ற தாவரவியலாளர் கண்டறிந்தார். இலை பச்சை, வெயிலில் தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். தண்ணீருக்கும் தாதுச் சத்துக்கும்தான் அக்கம்பக்கத்தை நாடுகிறது. பக்கத்துச் செடியின் வேரைத் தொட்ட இடத்தில் சந்தன வேரில் குமிழ்போல ஓர் உறுப்பு புடைக்கும். அது அந்த வேரைக் கவ்வித் துளைத்து, உள்ளே நீரோடும் குழாய்கள்வரை போய்ச் சேர்ந்து உறிஞ்சும். புல், புதர், மரம் என்று 300க்கும் மேற்பட்ட இனங்களிடம் அது இப்படி ஒட்டிக்கொள்ளும். சந்தனக் கன்று வளர்ப்பவர்கள் பையிலேயே பொன்னாங்கண்ணியையோ துவரையையோ சேர்த்து நடுவது இதற்காகத்தான். தோட்டத்துக்குப் போனதும் சவுக்கோ அகத்தியோ துணை நிற்கும். துணையில்லாத கன்று வெளிறி, நோஞ்சானாகவே நின்றுவிடும்.

இரண்டையும் ஒட்டுண்ணி என்ற ஒரே சொல்லில் அடக்க எனக்கு மனம் வரவில்லை. குயிலுக்குக் காகம் வேண்டியிருப்பது குஞ்சுப் பருவத்தில் மட்டும். சிறகு முற்றியபின் அது தானே பழம் தேடித் தின்னும். சந்தனத்துக்கோ ஆயுள் முழுக்க அடுத்தவர் வேர் வேண்டும்.

கருநீலமாகப் பழுக்கும் சந்தனப் பழம் குயிலுக்கு விருப்பமான தீனி. பெரிய விதைகளைத் தாய்மரத்தின் பக்கத்திலேயே கக்கிவிடும். சிறியவை வயிற்றில் தங்கித் தொலைவுக்குப் போகும். காகம் ஊட்டி வளர்த்த பறவை கொண்டுவந்து போட்ட விதை ஏதோ ஒரு புதரடியில் முளைத்து, அந்தப் புதரின் வேரைத் தேடிக் கீழே இறங்கும்.