துண்டு போட்டு இடம்பிடிக்கும் மருந்து

பேருந்து நிலையத்துக்குள் வண்டி நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம்பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் ஏறி வருகிறவர், இருக்கை காலியாக இருந்தும் உட்கார முடியாமல் நிற்பார். விபத்தில் அடிபட்டு ரத்தம் இழப்பவர்களைக் காக்கும் ஒரு மருந்து, உடலுக்குள் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. அதன் பெயர் டிரானெக்ஸாமிக் அமிலம்.

காயம் பட்டதும் ரத்தத் தட்டணுக்கள் அங்கே குவிகின்றன. ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலைபோலப் பின்னி, ரத்தத்தை உறையவைத்துக் கசிவை அடைக்கின்றன. காயம் ஆறியபின் இந்த வலை தேவையில்லை. அதை அறுக்க பிளாஸ்மின் என்ற நொதியும் உடலிலேயே உண்டு. பலத்த அடி பட்டவர்களில் பலருக்கு இந்த ஒழுங்கு குலைந்துபோகிறது. காத்திருக்க வேண்டிய பிளாஸ்மின் அவசரப்பட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஒரு பக்கம் வலை பின்னப் பின்ன, மறுபக்கம் அறுந்துகொண்டே போகிறது.

பிளாஸ்மினின் முன்வடிவமான பிளாஸ்மினோஜெனில் சில பள்ளங்கள் இருக்கின்றன. ஃபைப்ரினிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலம் அவற்றில் பொருந்தினால்தான் இரண்டும் ஒட்டும், வலை அறுபடும். டிரானெக்ஸாமிக் அமிலம் லைசினின் சாயல் கொண்டது. அது முந்திப்போய்ப் பள்ளத்தில் அமர்ந்துவிட்டால் ஃபைப்ரினுக்கு அங்கே இடமில்லை, வலை தப்பிக்கிறது.

இந்த மருந்தைக் கண்டறிந்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகமோட்டோவும் அவருடைய கணவர் ஷோசுகேயும். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் பெண்கள் இறப்பதைத் தடுப்பதே உடாகோவின் நோக்கம். கையில் பணம் அதிகமில்லாததால், தங்கள் ரத்தத்தையே எடுத்து ஆராய்ந்தார்கள். 1962-இல் மருந்தை உலகுக்கு அறிவித்தும், அதைப் பிரசவ வார்டில் சோதித்துப் பார்க்க மருத்துவர்கள் முன்வரவில்லை. அதிக மாதவிடாய்ப் போக்குக்கும் பல் பிடுங்கும்போதும் தரப்படும் மருந்தாகவே அது நெடுங்காலம் இருந்தது.

விபத்துக் காயங்களில் அதன் அருமை 2010-இல்தான் தெரிந்தது. லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ‘கிராஷ்-2’ ஆய்வில், இந்தியா உள்பட 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில் 20,211 பேர் சேர்க்கப்பட்டனர். போலி மருந்து பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தனர். உண்மையான மருந்து பெற்றவர்களில் 14.5 சதவீதம்.

மறு ஆண்டு அதே தரவை நேரவாரியாகப் பிரித்தபோதுதான் முக்கியமான செய்தி கிடைத்தது. அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் மருந்து கொடுத்தால், ரத்தப்போக்கால் நேரும் இறப்பு 7.7 சதவீதத்திலிருந்து 5.3 ஆகக் குறைந்தது. மூன்று மணி நேரம் கடந்து கொடுத்தாலோ 3.1 சதவீதம் 4.4 ஆக ஏறியது! ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலனில் சுமார் 10 சதவீதம் கரைகிறது என்று 40,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவை அலசிய 2018-ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. கூட்டம் ஏறி அமர்ந்தபின் துண்டு போட்டு என்ன பயன்?

உடாகோவின் முதல் கனவுக்கு விடை 2017-இல் வந்தது. 20,060 தாய்மார்களிடம் நடந்த ‘உமன்’ ஆய்வில், பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடையே ரத்தப்போக்கு மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. முந்தைய ஆண்டுதான், 98 வயதில் காலமானார்.

இந்த மருந்தைத் தருவது மருத்துவர்களின் வேலை. அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்வரை உள்ள நிமிடங்கள் நம்முடையவை. சாலையில் ஒருவர் ரத்தம் வழியக் கிடந்தால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். ‘நின்றுவிட்டதா’ என்று நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். உடல் பாடுபட்டுப் பின்னிய வலை துணியோடு பிய்ந்து வந்துவிடும். பிளாஸ்மின் செய்யும் வேலையை நாமே செய்தது போலாகிவிடும்.