குழந்தைகளின் உடையும் பண்டமும் வீட்டிலேயே செய்தல்

ஸ்ரீபெரும்புதூர் தாலூகாவின் கிராமங்களில் ஏரிப் பாசன நெல்லும், மேட்டு நிலத்து நிலக்கடலையும், கேழ்வரகும், எள்ளுமே நெடுங்காலம் குடும்பங்களுக்கு ஆதாரமாக இருந்தன. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்திலும் அத்தகைய ஆலை திறக்கப்பெற்றது. பின்னர் வல்லம், வடகால், பிள்ளைப்பாக்கம் ஆகிய ஊர்களிலும் தொழிற்பேட்டைகள் பரவின. வயல்கள் பல சாலைகளாகவும் ஆலைகளாகவும் மாறின. எஞ்சியுள்ள நிலத்தில் பயிரிடும் குடியானவர் வீட்டிலும், மகனோ மகளோ மருமகளோ ஆலைப் பேருந்தில் ஏறி வேலைக்குச் செல்வது இன்று வழக்கமாகிவிட்டது.

மாதந்தோறும் கைக்கு ரொக்கம் வருவது நன்மையே. ஆயினும் வந்த ரொக்கம் எவ்வழியே செல்கிறது என்பதைக் கவனிப்பவர் சிலரே. குழந்தைகளின் உடை, பொட்டலத் தின்பண்டம் ஆகிய இவ்விரண்டும் சிறுசிறு தொகைகளாகச் செலவாவதால் கணக்கில் ஏறுவதில்லை. நிலக்கடலையை மூட்டையாக விற்றுவிட்டு, அதே கடலையில் செய்த மிட்டாயைக் கடையில் வாங்கும் வீடுகள் பல உள்ளன. விளைவித்தவனே தன் விளைபொருளைக் கூடுதல் விலை கொடுத்துத் திரும்ப வாங்குவது எவ்விதத்திலும் சிக்கனமாகாது.

இதனினும் முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கப்பெற்ற நோக்கியா கைப்பேசி ஆலை, 2014-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் உற்பத்தியை நிறுத்தியது. அங்கு ஆயிரக்கணக்கானோர் வேலை செய்துவந்தனர். அவர்களில் இளம் பெண்கள் மிகுதி. சம்பளம் நிற்கலாம் என்பதற்கு இத்தாலூகாவாசிகளுக்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. நிலம் கைவிட்டுப் போனபின் சம்பளமும் நின்றால், கையில் எஞ்சுவது கற்ற தொழில் ஒன்றே. ஆதலின், சம்பளம் வருங்காலத்திலேயே வீட்டுக் கைத்தொழிலை அழியவிடாமல் காப்பது அறிவுடைமையாகும்.

எதைத் தைப்பது, எதை வாங்குவது

எல்லா உடைகளையும் வீட்டில் தைக்க முயல்வது வீண் சிரமம். அரசுப் பள்ளிகளில் சத்துணவு பெறும் 1 முதல் 8 வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குச் சீருடை விலையின்றி வழங்கப்படுகிறது. அச்சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைக்கின்றனர். அத்தகைய உடைக்குத் துணி வாங்கவேண்டியதில்லை. கனத்த துணியாலான முழுக்கால்சட்டைகளும் பின்னலாடைகளும் கடையில் வாங்குவதே மலிவு. கைக்குழந்தையின் சட்டை, சிறுமியர்க்குரிய கவுன், பாவாடை, உட்பாவாடை, சிறுவரின் அரைக்கால் சட்டை, வீட்டில் உடுத்தும் மெல்லிய சட்டை ஆகியவற்றையே வீட்டுத் தையலுக்குத் தேர்ந்துகொள்ளவேண்டும்.

இயந்திரம் வாங்குமுன் கணக்குப் பார்த்தல் அவசியம். இயந்திரத்தின் விலை 8,000 ரூபாய் என்றும், ஓர் உடையை வீட்டில் தைப்பதால் 150 ரூபாய் மிஞ்சுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 54-வது உடையில்தான் போட்ட முதல் திரும்பும். இரண்டு குழந்தைகளுக்கு ஆண்டொன்றுக்கு 12 உடை தைக்கும் வீட்டில் இதற்கு நாலரை ஆண்டு செல்லும். அத்தகைய வீடுகள் நான்கு சேர்ந்து ஓர் இயந்திரத்தை வாங்கி முறைவைத்து உபயோகித்தால், ஏறத்தாழ பதினான்கு மாதங்களில் முதல் வந்துவிடும். ஒரு தெருவுக்கு ஓர் இயந்திரம் போதுமானது என்பது இதனால் விளங்கும்.

துணியும் வெட்டும்

கைக்குழந்தைக்குப் புதுத்துணியைவிடப் பலமுறை துவைத்து மெலிந்த பருத்தி வேட்டியும் சேலையுமே உகந்தவை. அவற்றைக் கொதிநீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, முன்புறம் நாடா கட்டும் சட்டையாகத் தைக்கவேண்டும். பட்டனும் ஊக்கும் கைக்குழந்தையின் சட்டைக்கு ஆகா. அவை பிரிந்து வாயில் சென்றால் அபாயம். நாடாக்களையும் குட்டையாகவே வைத்தல் வேண்டும். தையலின் முரட்டு ஓரம் மேனியில் படாதவாறு அதனை மடித்துத் தைப்பது நலம்.

புதிய பருத்தித் துணியை வாங்கியவுடன் வெட்டலாகாது. ஓர் இரவு நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பின்னரே வெட்டவேண்டும். அவ்வாறு செய்யாவிடின், முதல் சலவையிலேயே துணி சுருங்கி, தைத்த உழைப்பு வீணாகும். சாயம் போகும் துணி எது என்பதும் ஊறவைக்கும்போதே தெரிந்துவிடும்.

நான்கு வயதுச் சிறுமிக்குக் கொசுவம் வைத்த சாதாரணக் கவுன் ஒன்றுக்கு, 90 சென்டிமீட்டர் அகலமுள்ள துணி ஒன்றரை மீட்டர் தாராளமாகப் போதும். மார்பின் சுற்றளவோடு 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை தளர்ச்சி சேர்த்துக்கொள்ளவேண்டும். முதலில் பழைய செய்தித்தாளில் வெட்டிப் பார்த்து, அதைக் குழந்தையின் மேல் வைத்துச் சரிபார்த்தபின் துணியில் கத்தரி வைப்பது புதிதாய்ப் பழகுவோர்க்கு நஷ்டத்தைத் தவிர்க்கும். நடுத்தரப் பருத்திக்கு 14-ஆம் எண் ஊசியும், மெல்லிய துணிக்கு 11-ஆம் எண் ஊசியும் ஏற்றவை. ஊசிமுனை மழுங்கினால் துணி இழை இழுபடும். அப்போது இயந்திரத்தைக் குறைகூறாமல் ஊசியை மாற்றவேண்டும்.

வளரும் குழந்தைக்கு வளரும் உடை

வீட்டுத் தையலின் தலையான லாபம் இதில்தான் உள்ளது. இரண்டு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் குழந்தை ஆண்டுக்கு ஏறக்குறைய 5 முதல் 7 சென்டிமீட்டர் உயரம் வளர்கிறது. கடையில் விற்கும் உடையின் கீழ்மடிப்பு பெரும்பாலும் ஒரு விரற்கடை அகலமே உள்ளதால், கிழியாத உடையும் அடுத்த ஆண்டு குட்டையாகிவிடுகிறது. வீட்டில் தைக்கும்போது கீழே 6 சென்டிமீட்டர் மடிப்பு விட்டு, அதற்குமேல் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு பிடிப்பும் தைத்துவிட்டால், முதலாண்டு முடிவில் பிடிப்பைப் பிரித்து 3 சென்டிமீட்டரும், மறு ஆண்டு மடிப்பைப் பிரித்து மேலும் 4 சென்டிமீட்டரும் நீட்டிக்கொள்ளலாம். தோள் மடிப்பிலும் பக்கத் தையலிலும் இரண்டு சென்டிமீட்டர் மிகுதி விட்டுவைத்தால், அகலத்தையும் கூட்டலாம். ஓர் உடை மூன்று தீபாவளிகளைக் காண்பதற்கு இதுவே வழி.

பாட்டியின் பழைய பட்டுச்சேலையில் உடல் நைந்துவிட்டாலும் கரை உறுதியாகவே இருக்கும். அக்கரையைப் பேத்தியின் பாவாடைக்கு உபயோகிப்பது காஞ்சிபுரம் பக்கத்து இல்லங்களுக்குப் புதிதன்று.

நிலத்தில் விளையும் பண்டம்

இனிப் பண்டங்களைக் கவனிப்போம். உலர்ந்த நிலக்கடலைக் காய் 10 கிலோ உடைத்தால் ஏறத்தாழ 7 கிலோ பருப்புக் கிடைக்கும். ஒரு கிலோ வறுத்த பருப்புக்கு 600 முதல் 700 கிராம் வரை வெல்லம் சேர்த்தால், மொத்தம் 11 கிலோ அளவுக்குக் கடலையுருண்டை செய்யலாம். 25 கிராம் எடையில் பிடித்தால் நானூறு உருண்டைக்கு மேல் ஆகும். அதாவது இரண்டு குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஒவ்வொன்றாக இருநூறு நாளுக்குப் போதும். மார்கழிப் பட்டத்து இறவைக் கடலையில் 10 கிலோவை விற்காமல் வைத்துக்கொள்வது எந்தக் குடியானவருக்கும் பாரமாகாது.

ஆனால் கடலையைக் காயவைப்பதில் அசட்டை கூடாது. ஈரம் எட்டு சதவிகிதத்துக்குக் குறையும்வரை காய்களை உலர்த்தவேண்டும். காயைக் குலுக்கினால் பருப்பு உள்ளே ஓசையிடுவதும், பருப்பைத் தேய்த்தால் தோல் எளிதில் கழல்வதும் நன்கு உலர்ந்தமைக்கு அறிகுறிகள். ஈரக் கடலையில் பூக்கும் பூஞ்சை ‘அஃபிளாடாக்ஸின்’ என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. அது ஈரலைக் கெடுக்கவல்லது. வறுப்பதாலும் பொரிப்பதாலும் அந்நஞ்சு முற்றும் நீங்குவதில்லை. ஆதலின் பூஞ்சை படர்ந்த, நிறம் மாறிய, சுருங்கிய பருப்புகளைப் பொறுக்கி எறிந்துவிடவேண்டுமேயன்றி, ‘உருண்டைக்கு ஆகும்’ என்று ஒதுக்கிவைக்கலாகாது. விற்பனைக்கு நல்லதும் வீட்டுக்குச் சொத்தையும் என்ற பழக்கத்தை அடியோடு ஒழித்தல் வேண்டும். காயாகவே சேமித்து, இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது உடைத்துக்கொள்வது உத்தமம்.

பாகு காய்ச்சுங்கால் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி மண்ணை நீக்கவேண்டும். ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டினால் கெட்டியாக உருளவும், அதைத் தட்டில் போட்டால் ஓசை எழவும் வேண்டும். அப்பதம் தவறினால் உருண்டை நாலு நாளில் கசியும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக்கடலை தொண்டையில் அடைக்கக்கூடும். அவர்களுக்குப் பருப்பைப் பொடித்தே உருண்டை பிடிக்கவேண்டும்.

கேழ்வரகை ஆடி மாதத்துக் கூழோடு மறந்துவிடுவது நியாயமன்று. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. கேழ்வரகுப் புட்டு, முருங்கைக்கீரை சேர்த்த அடை, வெல்லமிட்ட இனிப்பு அடை ஆகியவற்றுக்கு எண்ணெய்ச் சட்டி வேண்டுவதில்லை. முறுக்கு, அதிரசம் முதலியவற்றைப் பண்டிகைக்கு நிறுத்திக்கொள்ளலாம். பொரித்து மிகுந்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சலாகாது. கருத்து, நுரைத்து, பிசுபிசுப்பாகும் எண்ணெய் உடலுக்குத் தீங்கு.

விடுதிக்குச் செல்லும் பொட்டலம்

இத்தொழிற்பேட்டைகளில் வேலை செய்வதற்காக வெளி ஜில்லாக்களிலிருந்து வந்த பெண்கள் பலர் விடுதிகளில் தங்கியுள்ளனர். 2021-ஆம் ஆண்டு டிசம்பரில், பூந்தமல்லிக்கருகே இருந்த விடுதி ஒன்றில் உணவு உட்கொண்ட பெண் தொழிலாளர் பலர் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய தோழியர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். ஆலையும் சில வாரங்கள் மூடப்பட்டிருந்தது. விடுதிச் சமையலைச் சீர்படுத்துவது பொறுப்புள்ளோர் கடமை. வீட்டுப் பொட்டலம் அதற்கு ஈடாகாது. எனினும் விடுமுறைக்கு வந்து திரும்பும் மகளின் பையில், கெடாத பண்டம் ஒரு டப்பா இருப்பது இரவு வேலை முடிந்து வரும் பசிக்கு உதவும்.

இதற்குப் பொரிவிளங்காய் உருண்டை மிகவும் ஏற்றது. பச்சைப்பயறு, புழுங்கலரிசி, கோதுமை ஆகியவற்றைச் சம அளவாக எடுத்துத் தனித்தனியே சிவக்க வறுத்து அரைத்து, சுக்கும் ஏலமும் சேர்த்து, மாவு இரண்டு படிக்கு வெல்லம் ஒரு படி வீதம் பாகு காய்ச்சிச் சூட்டோடு பிடிக்கவேண்டும். தேங்காய் சேர்க்காதிருந்தால், உலர்ந்த டப்பாவில் பல வாரங்கள் கெடாதிருக்கும். ஈரக் கையால் எடுக்கலாகாது.

வேலையைப் பங்கிடுதல்

எட்டு மணி நேரம் ஆலையில் நின்றுவிட்டு வரும் பெண்ணின் தலையில் தையலையும் பலகாரத்தையும் சுமத்துவதாயின், இக்கட்டுரையில் கூறியவற்றைச் செய்யாதிருப்பதே மேல். பொட்டலப் பண்டமும் ஆயத்த உடையும் வீடுகளில் புகுந்ததற்கு அவளுடைய களைப்பும் ஒரு காரணம், சோம்பல் அன்று. ஆகவே வேலையைப் பங்கிட்டுக்கொள்வது இன்றியமையாதது. கடலை உடைப்பதும் பொறுக்குவதும் வயதில் மூத்தோரும் பிள்ளைகளும் திண்ணையில் அமர்ந்து செய்யக்கூடியன. வறுப்பதும் இடிப்பதும் வலுவுள்ள ஆடவர்க்கு ஏற்றன. தையலும் அவ்வாறே. கடைவீதியில் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்போரில் ஆடவர் பலராயிருக்க, வீட்டில் மட்டும் அது பெண்ணின் வேலை என்பதற்கு நியாயம் இல்லை. ஆலையில் நுட்பமான கருவிகளைக் கையாளும் வாலிபருக்கு ஊசியில் நூல் கோத்துப் பாபின் மாட்டுவது கடினமாகாது.

கிராம அலுவலர்கள் செய்யத்தக்கது

விதவைகள், கணவரால் கைவிடப்பட்டோர், நலிவுற்ற பெண்கள் முதலியோருக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின்கீழ்ச் சமூக நலத் துறை இலவசத் தையல் இயந்திரம் வழங்கி வருகிறது. தகுதியுடைய பெண்ணுக்குத் தையல் தெரிந்திருந்தும், வருமானச் சான்றோ பிற சான்றோ காலத்தில் கிடைக்காமற் போனால் அந்த ஆண்டின் வாய்ப்புத் தவறிவிடும். கிராம நிர்வாக அலுவலர் அவ்விண்ணப்பத்தை உடனே விசாரித்து மேலனுப்புவது, அக்குடும்பத்துக்குச் செய்யும் பேருதவியாகும். ஊராட்சித் தலைவர்கள், சுய உதவிக் குழுக்கள் கூடுமிடத்தில் ஓர் இயந்திரத்துக்கும் வெளிச்சத்துக்கும் இடவசதி செய்துகொடுக்கலாம். பண்டம் செய்யும் பயிற்சி பெற விரும்புவோர் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை விசாரித்தல் நலம். பண்டங்களை விற்க எண்ணுவோர், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டப்படி முதலில் பதிவு செய்துகொள்ளவேண்டும்.

ஒரு மாதப் பரீட்சை

இவற்றில் நம்பிக்கை கொள்ளாதவர் ஒரு மாதம் பரீட்சித்துப் பார்க்கலாம். வீட்டுச் சுவரில் ஒரு தாளைத் தொங்கவிட்டு, பொட்டலப் பண்டத்துக்கும் குழந்தைகளின் உடைக்கும் செலவான ஒவ்வொரு ரூபாயையும் அன்றன்று குறித்து வரவேண்டும். மாத முடிவில் அத்தொகையைக் கூட்டி, அதனை எத்தனை கிலோ கடலை விற்ற பணம் என்று கணக்கிட்டால் போதும். அடுத்த பட்டத்தில் எத்தனை கிலோவை வீட்டில் நிறுத்திக்கொள்வது என்பதைக் குடும்பத்தினர் தாமே தீர்மானித்துக்கொள்வார்கள்.